அலமாரியில் அசையாமல் நிற்கும் பழைய நூல்களை வாசகர்களிடம் சேர்ப்பது எப்படி?

கேள்வி — நூலடுக்கு

அனைவருக்கும் வணக்கம். பொது நூலகம் ஒன்றின் இரவல் பிரிவில் பணியாற்றுகிறேன். சில மாதங்களாக மனத்தை அரித்துக்கொண்டிருக்கும் ஒரு சிக்கலை இங்கே முன்வைக்கிறேன்.

அண்மையில் இருப்புச் சரிபார்ப்பின்போது, புனைகதைப் பகுதியில் ஒரு தட்டை முழுவதுமாக இறக்கி, ஒவ்வொரு நூலின் பின்னட்டைக்கு உள்ளே ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டையும் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு நாவலின் சீட்டில் ஊதா மையில் இரண்டு பத்திகள் நெருக்கமாக முத்திரை விழுந்திருந்தது. ஓராண்டில் பத்துப் பதினொரு பேர் எடுத்துச் சென்ற காலமும் அதற்கு இருந்திருக்கிறது. கடைசி முத்திரை 2007 மார்ச் மாதத்தோடு நின்றுவிட்டது. கணினிப் பதிவிலும் தேடினேன். அதற்குப் பிறகு ஓர் இரவல்கூட இல்லை. நூலிலோ குறை ஒன்றும் இல்லை: தாள் உதிரவில்லை, தையல் விடவில்லை. அன்று மாலை நின்றபடியே இரண்டு அத்தியாயங்கள் படித்தேன். இன்று வாசகர்கள் முன்பதிவு செய்து காத்திருந்து வாங்கிச் செல்லும் குடும்ப நாவல்கள் எதற்கும் அது தாழ்ந்ததன்று.

இத்தகைய நூல்களை வெளிக்கொணர வேண்டும் என்று நுழைவாயிலுக்கு அருகில் ஒரு மேசை போட்டு, 'காலத்தை வென்ற பழைய நூல்கள்' என்ற பலகையுடன் நாற்பது நூல்களை அடுக்கினேன். இரண்டு மாதங்களில் போனவை ஐந்தோ ஆறோதான். பெரும்பாலோர் பலகையை வாசித்துவிட்டு, மரியாதையோடு கடந்து சென்றார்கள். அதே வேளையில், நூலைத் திருப்பித் தரும் வாசகர்கள் நாள்தோறும் "இதே மாதிரி வேறு ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்கிறார்கள். நான் படித்த நூல் என்றால் உடனே விடை சொல்லிவிடுகிறேன். படிக்காத நூல் என்றால் அதே ஆசிரியரின் வேறொரு நூலைக் காட்டுவதற்கு மேல் எனக்கு வழி தெரியவில்லை. எங்கள் இணையவழி நூற்பட்டியலும் அதைத்தான் செய்கிறது.

நெடுங்காலம் இரவல் போகாத நூல்களைக் கழித்துவிட்டு இடம் ஒதுக்க வேண்டும் என்ற பேச்சும் எழுந்திருப்பதால், இது எனக்கு ஓய்வு நேரக் கேள்வியாக இல்லை. 'இதைப் போன்ற நூல்' என்று எதை அடிப்படையாக வைத்துச் சொல்கிறீர்கள்? பழைய நூல்களை அந்தப் பரிந்துரைக்குள் எப்படிக் கொண்டுவருகிறீர்கள்? செய்து பார்த்தவர்களின் அனுபவத்தை அறிய விரும்புகிறேன்.

மறுமொழி — பட்டியல்பணி

வணக்கம். தாங்கள் சொல்லும் சிக்கலின் பாதி நூற்பட்டியலில் இருக்கிறது என்பது என் கருத்து. நான் பல ஆண்டுகளாக அந்தப் பணியில் இருப்பதால் அப்படித் தோன்றுகிறதோ என்றும் யோசித்துப் பார்த்தேன், இருந்தாலும் கருத்து மாறவில்லை.

அலமாரி வரிசை எல்லா நூல்களுக்கும் ஒரே மாதிரி உதவுவதில்லை. டியூயி தசமப் பகுப்பு முறை 1876 இல் வந்தது. பொருள் சார்ந்த நூல்களை ஒன்றுசேர்ப்பதில் அது வல்லது. தேனீ வளர்ப்பைப் பற்றி அறுபது ஆண்டுகளுக்கு முன் வந்த நூலும் சென்ற ஆண்டு வந்த நூலும் 638.1 என்ற எண்ணில் தோளோடு தோள் நிற்கும். புதியதைத் தேடி வந்தவரின் கண்ணில் பழையதும் தானாகவே படும். இலக்கியத்தை அந்த முறை மொழி, வடிவம் என்ற அடிப்படையில்தான் பிரிக்கிறது. பெரும்பாலான நூலகங்களில் தமிழ்ப் புனைகதை முழுவதும் 894.8113 என்ற ஒரே எண்ணின் கீழ் வந்து, அதன் பிறகு ஆசிரியர் பெயரின் எழுத்து வரிசையில் நின்றுவிடுகிறது. ஆகவே, கடற்புறத்து மக்களின் வாழ்வைச் சொல்லும் இரண்டு நாவல்கள், ஆசிரியர்களின் பெயர் 'அ' என்றும் 'வெ' என்றும் தொடங்குவதால் மட்டுமே, நான்கு அலமாரிகள் தள்ளி நிற்கின்றன. இந்திய நூலகவியலாளர் எஸ். ஆர். ரங்கநாதனின் கோலன் பகுப்பு முறை (1933) ஆசிரியரின் பிறந்த ஆண்டைக் கொண்டு எண் கட்டுவதால் ஒரே காலத்தவர்களை அருகருகே நிறுத்தும். அது அழகான ஏற்பாடு என்றாலும், பழையவர்கள் பழையவர்களோடும் புதியவர்கள் புதியவர்களோடும்தான் அதிலும் சேர்கிறார்கள்.

அலமாரியால் இயலாததைச் செய்யத்தான் நூற்பட்டியல் இருக்கிறது. 1931 இல் ரங்கநாதன் வகுத்த ஐந்து விதிகளில் மூன்றாவது, 'ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர்' என்பது. அந்த விதிக்கான வழிகளாக அவர் சொன்னவற்றுள் திறந்த அடுக்கு முறையோடு பட்டியலின் குறுக்குக் குறிப்புகளும் உண்டு. நம் பழைய பதிவுகளைத் திறந்து பாருங்கள். தலைப்பு, ஆசிரியர், பதிப்பாளர், பக்க எண்ணிக்கை ஆகியவற்றோடு பெரும்பாலும் முடிந்துவிடும். பொருள் தலைப்பு என்ற இடத்தில் 'தமிழ் நாவல்' என்று மட்டும் இருக்கும். புதிய நூல்களின் பதிவுகளிலோ சுருக்கமும் அட்டைப் படமும் வந்துவிடுகின்றன. தேடுகிறவர் 'மீனவர்' என்று தட்டச்சு செய்தால் புதிய நூல்தான் வரும். பழைய நூலின் பதிவில் அந்தச் சொல்லே இல்லாதபோது அது எப்படி வரும்?

நூற்பட்டியல் பதிவுகளைக் கணினியில் ஏற்றுவதற்கான மார்க் 21 வடிவில், ஒவ்வொரு விவரத்துக்கும் எண்ணிட்ட ஒரு புலம் உண்டு; 520 ஆம் புலம் சுருக்கத்துக்கும், 505 உள்ளடக்கத்துக்கும், 655 வகைமைக்கும் உரியவை. பழைய நூல் ஒன்றுக்கு இந்த மூன்றையும் நிரப்ப, நூலைக் கையில் வைத்துக்கொண்டு, கால் மணி நேரம் ஆகிறது. சிறுகதைத் தொகுப்புகளுக்கு 505 ஆம் புலத்தை நான் ஒருபோதும் விடுவதில்லை. ஒரு தொகுப்பில் பதினைந்து கதைத் தலைப்புகள் இருந்தால், அந்த நூலுக்குள் நுழையப் பதினைந்து வாசல்கள் புதிதாகத் திறக்கின்றன. எங்கோ ஒரு கதையைப் பற்றிக் கேள்விப்பட்டுத் தலைப்பை மட்டும் நினைவில் வைத்திருப்பவர், தொகுப்பின் பெயர் தெரியாமலேயே அதை வந்தடைகிறார்.

இன்னும் இரண்டு காரியங்களைச் சரிபார்த்துவிடுங்கள். ஒன்று, ஒருங்குறி வருவதற்கு முன் பல்வேறு எழுத்துருக் குறியாக்கங்களில் தட்டச்சு செய்யப்பட்ட பதிவுகள் எஞ்சியிருக்கின்றனவா என்பது. அவை திரையில் தமிழாகத் தெரிந்தாலும், ஒருங்குறியில் தேடுகிறவருக்கு ஒருபோதும் அகப்படா. ரோமன் எழுத்தில் ஏற்றப்பட்ட பதிவுகளும் அப்படியே. இரண்டாவது, புனைபெயர். முந்தைய தலைமுறை எழுத்தாளர்களில் பலர் இரண்டு மூன்று பெயர்களில் எழுதியவர்கள். முதலெழுத்துடன் ஒரு பதிவு, ஊர்ப்பெயருடன் ஒரு பதிவு, புனைபெயரில் ஒரு பதிவு என்று சிதறிக் கிடந்தால், 'அதே ஆசிரியரின் வேறு நூல்' என்ற மிக எளிய வழியும் அடைபட்டுப் போகும். பெயர்களை ஒரே ஏற்புத் தலைப்பின் கீழ்க் கொண்டுவந்து, மற்றவற்றுக்குக் 'காண்க' குறிப்பு இடுவதைத்தான் நான் முதல் வேலையாகச் சொல்வேன்.

மறுமொழி — இரவல்மேசை

மேலே சொன்னவை அனைத்தும் தேவையானவை. ஆனால் "இதே மாதிரி வேறு ஏதாவது?" என்று கேட்கும் வாசகர் பெரும்பாலும் பொருளைக் கேட்பதில்லை என்பதை இரவல் மேசையில் நின்று நான் கற்றுக்கொண்டேன்.

ஒருவர் தடித்த துப்பறியும் நாவல் ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இதே மாதிரி வேண்டும் என்றார். வழக்கம்போல் துப்பறியும் நாவல்கள் இருக்கும் தட்டுக்கு அழைத்துச் செல்லாமல், "இதில் உங்களைப் பிடித்து நிறுத்திய இடம் எது?" என்று கேட்டேன். சற்று யோசித்தார். கொலையைப் பற்றியோ குற்றவாளியைப் பற்றியோ அவர் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. கதை நடக்கும் சிறிய ரயில் நிலையத்தைப் பற்றியும், இரவுப் பணியில் இருக்கும் நிலைய அதிகாரி கைகாட்டி விளக்கைச் சரிசெய்யும் காட்சியைப் பற்றியும் ஐந்து நிமிடங்கள் பேசினார். நான் எடுத்துக் கொடுத்தது, ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர் எழுதிய தன்வரலாறு. பல ஆண்டுகளாக யாரும் தொடாத நூல். அது புனைகதைகூட அன்று. ஒரே வாரத்தில் படித்து முடித்துவிட்டு, தம் நண்பருக்காக மறுபடியும் வந்து எடுத்துச் சென்றார்.

ஜாய்ஸ் சாரிக்ஸ், நான்சி பிரவுன் ஆகிய இரு நூலகர்கள் 1989 இல் வெளியிட்ட வாசக ஆலோசனைக் கையேடு இதை ஒரு முறையாகவே வகுத்துத் தருகிறது. ஒரு நூலின் ஈர்ப்பு, அதன் ஓட்டத்தில் இருக்கலாம், மாந்தர்களில் இருக்கலாம், கதைப்போக்கில் இருக்கலாம், பின்புலத்திலும் தொனியிலும் இருக்கலாம். வாசகர் எதனால் ஈர்க்கப்பட்டாரோ அதே ஈர்ப்பை உடைய நூலைத் தேட வேண்டுமே தவிர, ஒரே பொருளைப் பேசும் நூலை அன்று. நான்சி பெர்ல் என்ற நூலகர் இதையே கதை, மாந்தர், களம், மொழி என்னும் நான்கு வாசல்களாகச் சொல்கிறார். எந்த வாசல் ஒருவருக்கு அகலமாகத் திறக்கிறதோ, அதே வாசல் அகலமாக உள்ள நூல் எந்தக் காலத்தில் எழுதப்பட்டிருந்தாலும் அவருக்குப் பிடிக்க வாய்ப்புண்டு. பழைய நூல்களுக்கு இந்த முறை ஏன் இவ்வளவு உகந்தது என்றால், ஆண்டு என்பது இந்தக் கணக்கில் வருவதே இல்லை.

இதனால்தான் தங்கள் மேசை பலிக்கவில்லை என்று நினைக்கிறேன். 'பழையது' என்பது யாரும் நூலகத்துக்கு வந்து கேட்கும் குணம் இல்லை. அந்த நாற்பது நூல்களையும் பிரித்து, இப்போது தேடப்படும் நூல்களின் பக்கத்தில் ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் நிறுத்துங்கள். நாங்கள் செய்வது மிக எளியது. முன்பதிவில் காத்திருப்போர் அதிகமுள்ள புதிய நூல் ஒவ்வொன்றுக்குள்ளும், கடைசி அத்தியாயம் தொடங்கும் இடத்தில், உள்ளங்கை அளவு சீட்டு ஒன்றை வைக்கிறோம். அதில் ஒரே ஒரு பழைய நூலின் பெயரும், அது இருக்கும் அலமாரியும், ஏன் என்று ஒரே வாக்கியமும் இருக்கும். முன்பதிவு செய்துவிட்டு வெறுங்கையுடன் திரும்புகிறவருக்கும் அதே சீட்டைக் கொடுக்கிறோம். காத்திருக்கும் காலம்தான் பழைய நூலுக்குக் கிடைக்கும் சிறந்த வாய்ப்பு.

எல்லா நூலையும் நூலகர் படித்திருக்க இயலாது. எங்கள் பணியாளர்கள் அறுவரும் ஆளுக்கு ஒரு தட்டை ஏற்றுக்கொண்டோம். முழுமையாகப் படிப்பது கட்டாயமில்லை. முதல் அத்தியாயம், நடுவில் ஒரு பகுதி, இறுதிப் பக்கங்கள் ஆகியவற்றைப் பார்த்து, ஓட்டம், மாந்தர், களம், மொழி என்று நான்கு வரிகளைக் குறிப்பேட்டில் எழுதினால் போதும். அந்தக் குறிப்பேடு மேசையிலேயே இருக்கும். யார் பணியில் இருந்தாலும் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

மறுமொழி — தரவுநிலை

நான் நூலக மென்பொருள் பராமரிப்பில் இருப்பவன். நண்பர் பட்டியல்பணி சொன்ன வேலையை எல்லாப் பழைய நூல்களுக்கும் செய்ய முற்பட்டால் ஆண்டுக்கணக்கில் ஆகும் என்பதால், எங்கிருந்து தொடங்குவது என்பதைப் பற்றி மட்டும் சில சொற்கள்.

நூல்களின் பயன்பாடு ஒருபுறமாகக் குவிவது புதிய செய்தி அன்று. 1969 இல் ரிச்சர்ட் ட்ரூஸ்வெல் என்ற ஆய்வாளர், நூலகங்களின் இரவலில் ஏறத்தாழ 80 விழுக்காடு, இருப்பில் 20 விழுக்காட்டு நூல்களாலேயே நிகழ்கிறது என்று காட்டினார். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக நூலகத்தில் 1969 இல் வாங்கப்பட்ட நூல்களை 1975 வரை தொடர்ந்து கவனித்த ஆய்வில், சுமார் 40 விழுக்காடு ஒருமுறைகூட இரவல் போகவில்லை என்று தெரியவந்தது. ஆனால் 'போகாத நூல்' என்பது ஒரே இனம் இல்லை. வந்த நாள் முதல் யாரும் எடுக்காதது ஒன்று. தாங்கள் விவரித்த நாவலைப் போல, ஒரு காலத்தில் கைமாறிக்கொண்டே இருந்து பிறகு நின்றுபோனது இன்னொன்று. பின்னது, வாசகர்கள் விரும்பும் நூல் என்பதைத் தானே மெய்ப்பித்துவிட்டது. அதன் மதிப்பு குறையவில்லை, அதைப் பற்றிப் பேசுவோர்தான் இல்லாமல் போனார்கள். முதலில் அவற்றை மட்டும் பிரித்தெடுங்கள். கோஹா என்னும் நூலக மென்பொருளில் ஒவ்வொரு நூற்படிக்கும் மொத்த இரவல் எண்ணிக்கையும் கடைசியாக இரவல் போன தேதியும் தனித்தனிப் புலங்களாக உள்ளன. எண்ணிக்கை அதிகமாகவும் தேதி மிகப் பழையதாகவும் உள்ளவற்றை ஓர் அறிக்கையாக எடுத்துவிடலாம். கணினிமயமாவதற்கு முந்தைய இரவல்களுக்குத் தேதிச் சீட்டுதான் சான்று. அதைக் கிழித்தெறியாமல் வைத்திருப்பது நல்லது.

கழிப்பதைப் பற்றி முடிவெடுக்கும் முன் ஒன்றைச் சொல்ல வேண்டும். நூலகத்துக்குள்ளேயே அமர்ந்து படிக்கப்பட்டு மேசையில் விடப்படும் நூல்கள் இரவல் கணக்கில் வருவதில்லை. மாலையில் அவற்றை அடுக்கும் முன், உள்ளகப் பயன்பாட்டுக்கென ஒரு போலி உறுப்பினர் கணக்கை உருவாக்கி அதில் பதிந்துவிட்டால், யாரும் தொடவில்லை என்று நினைத்திருந்த சில நூல்கள் வாரந்தோறும் படிக்கப்படுவது தெரியவரும். மறுபதிப்பையும் கவனியுங்கள்: ஒரே படைப்பின் பழைய பதிப்பு அசையாமல் இருக்க, புதிய பதிப்பு ஓடிக்கொண்டிருக்கலாம். இரண்டும் தனிப் பதிவுகளாக இருப்பதால் கணினிக்கு அது தெரியாது.

'இதை எடுத்தோர் இவற்றையும் எடுத்தனர்' என்ற வகைப் பரிந்துரையைப் பலர் கேட்கிறார்கள். ஹடர்ஸ்ஃபீல்டு பல்கலைக்கழக நூலகம் 2000களின் நடுவிலேயே தன் நூற்பட்டியலில் இதைக் கொண்டுவந்தது. பயனுள்ளதுதான். இருப்பினும் நம் தேவைக்கு அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. எண்ணிக்கையை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் எல்லா நூலுக்கும் பக்கத்தில் அதே பத்துப் புகழ்பெற்ற நூல்கள்தான் வந்து நிற்கும். ஏனென்றால் அவற்றை எல்லோருமே எடுத்திருப்பார்கள். இரண்டையும் சேர்த்து எடுத்தோரின் எண்ணிக்கையை, ஒவ்வொன்றையும் தனித்தனியே எடுத்தோரின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டு வகுத்தால்தான் உண்மையான உறவு தெரியும். மூன்று நான்கு பேர் மட்டுமே எடுத்த நூலுக்கு இத்தகைய பரிந்துரையைக் காட்டவே கூடாது. ஒருவர் என்ன படித்தார் என்பதை இன்னொருவர் ஊகிக்க அது இடம் கொடுத்துவிடும். வாசகரின் படிப்பு வரலாறு அவருக்கே உரியது. எந்த வசதிக்காகவும் அதை விட்டுக்கொடுக்கலாகாது என்று நான் உறுதியாக எண்ணுகிறேன். தவிர, பல ஆண்டுகளாக யாருமே எடுக்காத நூலைப் பற்றி இந்தக் கணக்கு எதையும் சொல்லாது. அங்கே இரவல்மேசையின் குறிப்பேடுதான் வழி. அந்தக் குறிப்புகளை மென்பொருளில் உள்ள பொதுப் பட்டியல் வசதியில் ஏற்றிவிட்டால், வீட்டிலிருந்து தேடுகிறவருக்கும் அவை கிடைக்கும்.

மறுமொழி — மாலைவாசகர்

நான் நூலகப் பணியாளன் அல்லன், நாற்பது ஆண்டுகளாக உறுப்பினர். எங்கள் தரப்பிலிருந்து ஒன்றைச் சொல்லலாமா?

பழைய நூல்கள் பலவும் மறுகட்டு செய்யப்பட்டு, ஒரே பழுப்பு நிற அட்டையில் நிற்கின்றன. முதுகில் பகுப்பெண் மட்டும் இருக்கிறது. நூலின் பெயர் இல்லை, இருந்தாலும் அழிந்துபோயிருக்கிறது. முன்னட்டைப் படமும் பின்னட்டைக் குறிப்பும் கட்டும்போதே போய்விட்டன. அந்த வரிசையின் முன் நிற்கும்போது ஒவ்வொன்றையும் உருவித் திறந்து பார்த்தால்தான் என்ன நூல் என்றே தெரியும். ஐந்தாவது நூலோடு கை சலித்துவிடுகிறது. பெயரைத் தெளிவாக எழுதி முதுகில் ஒட்டுங்கள். முதல் வெற்றுப் பக்கத்தில் நான்கு வரி அறிமுகம் ஒட்டுங்கள். தட்டுக்கு ஒரு நூலையாவது முகம் தெரியும்படி நிறுத்துங்கள். எங்களில் பலர் கணினி அருகே போவதே இல்லை.

கேள்வியாளர் — நூலடுக்கு

அனைவருக்கும் நன்றி. ஆறு வாரங்கள் கழித்து எழுதுகிறேன்.

மேசையை எடுத்துவிட்டேன். ஒரு காலத்தில் ஓடி நின்றுபோன நூல்களை அறிக்கையாக எடுத்ததில், எதிர்பார்த்ததைவிட நீண்ட பட்டியல் வந்தது. அதிலிருந்து முதற்கட்டமாக முப்பது நூல்களைத் தேர்ந்து, முதுகில் பெயர் ஒட்டி, பதிவில் சுருக்கம் சேர்த்தேன். மாலைவாசகர் ஐயா சொன்னது முற்றிலும் சரி. அந்த முப்பதில் பதினொன்றின் முதுகில் பெயரே இல்லை, இத்தனை ஆண்டுகள் அவற்றைக் கடந்துதான் நான் நடந்துகொண்டிருந்தேன்.

2007 இல் நின்றுபோன அந்த நாவலுக்கான சீட்டை, இப்போது அதிகம் கேட்கப்படும் ஒரு குடும்ப நாவலுக்குள் வைத்தேன். மூன்றாவது வாரம் ஒரு வாசகர் சீட்டைக் கையில் பிடித்தபடி வந்து, அலமாரி எண்ணைக் காட்டி நூலைக் கேட்டு வாங்கிச் சென்றார். திருப்பித் தரும்போது, இதற்கும் ஒரு சீட்டு இல்லையா என்று கேட்டார். அன்றே ஒன்று எழுதி வைத்தேன்.

ஒரு சந்தேகம் எஞ்சியிருக்கிறது. என் சீட்டுகளில் சில பலிக்கின்றன, சில அப்படியே நூலோடு திரும்பி வருகின்றன. அந்த ஒரு வாக்கியத்தை எப்படி எழுதுகிறீர்கள்?

மறுமொழி — இரவல்மேசை

மிகுந்த மகிழ்ச்சி. திரும்பி வந்த சீட்டுகளில் 'சிறந்த', 'அருமையான', 'தவறவிடக் கூடாத', 'பழம்பெரும்' என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். எங்களுடையவற்றில் இருந்தன. 'புகழ்பெற்ற எழுத்தாளரின் சிறந்த குடும்ப நாவல்' என்று எழுதிய சீட்டு மூன்று முறை திரும்பி வந்தது. அதே நூலுக்கு, 'இந்த வீட்டிலும் மூத்த மருமகள்தான் சாவியை வைத்திருக்கிறாள். ஆனால் அவள் வாயால் கதை சொல்லப்படுகிறது' என்று மாற்றி எழுதினோம். முதல் பாதி வாசகர் கையில் இருக்கும் நூலைத் தொடுகிறது, பின்பாதி அதில் இல்லாத ஒன்றைச் சொல்கிறது. கதையின் முடிவைத் தொடாதீர்கள். வெளியான ஆண்டையும் சீட்டில் எழுத வேண்டாம், அதை நூலைத் திறந்ததும் அவரே பார்த்துக்கொள்வார். சீட்டின் பின்புறத்தில் வைத்த தேதியைப் பென்சிலால் குறித்துவிடுங்கள். இரண்டு மாதங்கள் கடந்தும் அதே சீட்டு திரும்பி வந்துகொண்டிருந்தால், வாக்கியத்தை மாற்றுவதற்கு முன் வேறொரு புதிய நூலுக்குள் வைத்துப் பாருங்கள். எங்கள் அனுபவத்தில் பெரும்பாலும் இணைதான் பொருந்தாமல் இருக்கும்.